பிழைப்புக்காகப் பட்டணம் போகிறவர் வீடு எங்கே பார்ப்பது?



பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் போவது நமது சமுதாயத்துக்குப் புதிதன்று. நம் முன்னோர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறினார்கள். இன்று நம் பிள்ளைகள் படித்து முடித்ததும் சென்னைக்கு ரயிலேறுகிறார்கள். முன்னோர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாகப் போனார்கள். கடையிலேயே படுத்து எழுந்தார்கள். இன்றைய வாலிபர் மனைவி மக்களுடன் போகிறார். ஆகவே அவருக்கு வேலை கிடைத்த மறுநாளே ஒரு கேள்வி எழுகிறது: எங்கே குடியிருப்பது?

இக்கேள்வியைப் பலர் வாடகைக் கேள்வியாக மட்டுமே கருதுகின்றனர். எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே போய்விடலாம் என்பர் சிலர். நாலு பேர் மெச்சும் இடத்தில் இருக்க வேண்டும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் போதாது. ஒரு வீடு மாதம் ஒரு முறை நமது பையிலிருந்து வாடகையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது இருக்கும் இடமோ, ஒவ்வொரு நாளும் நமது நேரத்திலிருந்தும், தூக்கத்திலிருந்தும், தொழுகையிலிருந்தும், பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது வாடகையைக் கணக்குப் பார்த்து வீடு தேடுவது எப்படி என்பதே இம்மாதப் பாடமாகும்.

நாம் செய்த பிழை

பிறருக்குச் சொல்லுமுன் நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுவது முறை. சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் நாம் குடும்பத்துடன் சென்னைக்கு வந்தோம். வேலை அண்ணா சாலையில். வீடு பார்த்ததோ பூந்தமல்லிக்கும் அப்பால். வாடகை 800 ரூபாய் குறைவு என்பது ஒன்றே காரணம். காலையில் இரண்டு பஸ். மாலையில் இரண்டு பஸ். ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

பிள்ளைகள் எழுமுன் புறப்பட்டுவிடுவோம். அவர்கள் உறங்கிய பின் வந்து சேருவோம். மாலை 6 மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் நின்றால், மஃரிபுடைய பாங்கு வழியில் எங்கோ கேட்கும். இறங்கினால் அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாது. வீடு வந்து சேரும்போது இஷா ஆகிவிடும். முதல் வாரம் மஃரிபைக் களா செய்தபோது உள்ளம் பதறியது. மூன்றாம் மாதம் பதறவில்லை. அதுதான் நமக்குப் பயத்தைத் தந்தது.

ஒரு நாள் பக்கத்துத் தெரு மக்தபின் உஸ்தாது நம் ஆறு வயது மகனிடம், “உன் அத்தா எங்கே வேலை செய்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார். “அத்தா வெளியூரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள்” என்றானாம் பிள்ளை. உஸ்தாது இதைச் சிரித்துக்கொண்டே நம்மிடம் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிந்திருக்கக் கூடாது என்றுதானே குடும்பத்தை அழைத்து வந்தோம்! ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே நாம் பிரிந்திருந்தோம். அந்த 800 ரூபாய்க்கு நாம் கொடுத்த விலை அது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வேறு வீடு பார்த்துக்கொண்டோம்.

மதீனா தரும் படிப்பினை

கி.பி. 622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களுக்கும் எங்கே குடியிருப்பது என்ற கேள்வி எழுந்தது. அவர்கள் வந்தது பிழைப்புக்காக அன்று, மார்க்கத்துக்காக. ஆயினும் புதிய ஊரில் குடியேறுகிறவருக்கு அவர்களுடைய வரலாற்றில் பல பாடங்கள் உள்ளன.

முதலாவது, வந்த உடனே நிரந்தர வீடு தேடி யாரும் அவசரப்படவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஹஜ்ரத் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் சுமார் 7 மாதங்கள் தங்கியிருந்தார்கள். பள்ளிவாசலும் அதையொட்டிய அறைகளும் கட்டப்பட்ட பின்னரே அங்கே குடியேறினார்கள்.

இரண்டாவது, உதவியை ஏற்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். இவர்களோ அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். உறவினர் வீட்டில் சில வாரங்கள் தங்குவது தவறன்று. மாதக் கணக்கில் தங்கி அவர்கள் முகம் சுளிக்கும்வரை இருப்பது தவறு.

மூன்றாவது பாடம் நமது பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. பனூ ஸலிமா என்னும் குலத்தார் மதீனாவின் ஓரத்தில், நபியவர்களின் பள்ளிக்குத் தொலைவில் குடியிருந்தார்கள். வீடுகளை விட்டுவிட்டுப் பள்ளிக்கு அருகே குடிவர விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. மதீனாவின் ஓரங்கள் ஆளின்றிப் போவதை அவர்கள் வெறுத்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. பள்ளியை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை எழுதப்படும் என்பதை உணர்த்தி, இருக்கும் இடத்திலேயே இருக்கச் செய்தார்கள்.

நான்காவதாக, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களும் தொலைவிலேயே குடியிருந்தார்கள். மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில் அவர்கள் வீடு. தினமும் நபியவர்களின் சபைக்கு வருவது இயலாததால், அண்டை வீட்டு அன்ஸாரித் தோழருடன் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர் வருவார். மறுநாள் அவர் வருவார். வந்தவர் அன்று கேட்டதை மற்றவரிடம் போய்ச் சொல்வார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். தொலைவில் குடியிருப்பது குறையன்று. ஆனால் தொலைவில் இருந்தவர்கள், அத்தொலைவு தங்களிடமிருந்து எதை எடுக்கும் என்பதை அறிந்திருந்தார்கள். இழப்பை ஈடு செய்ய ஏற்பாடும் செய்துகொண்டார்கள். நாம் பூந்தமல்லிக்கு அப்பால் போனது பிழையன்று. இந்தக் கணக்கைப் பாராமல் போனதே பிழை.

வாடகையோடு வழியையும் கூட்டுங்கள்

இப்போது கணக்குக்கு வருவோம். எண்கள் உதாரணத்துக்காக மட்டுமே. நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சகோதரருக்குப் பெருங்குடியில் வேலை. சம்பளம் 40,000 ரூபாய். அலுவலகத்திலிருந்து 4 கிலோ மீட்டரில் ஒரு வீடு, வாடகை 18,000. தாம்பரத்தில் அதே அளவு வீடு, வாடகை 12,000. தூரம் 17 கிலோ மீட்டர். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் தாம்பரத்தில் மாதம் 6,000 ரூபாய் மிச்சம்.

ஸ்கூட்டரில் போனால் நாளொன்றுக்கு 26 கிலோ மீட்டர் கூடுதல். மாதம் 25 நாட்களுக்கு 650 கிலோ மீட்டர். லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,450 ரூபாய் ஆகும். டயர், ஆயில், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் என்று கொள்வோம். ஆக உண்மையான மிச்சம் 4,000 ரூபாய்.

இனி நேரம். போக முக்கால் மணி, வர முக்கால் மணி கூடுதல் ஆகிறது என்றால், நாளொன்றுக்கு ஒன்றரை மணி. மாதத்துக்கு 37½ மணி நேரம். 4,000 ரூபாயை 37½ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 107 ரூபாய் வருகிறது. இவர் சம்பளமோ நாள் ஒன்றுக்கு 8 மணி வீதம் 25 நாட்களுக்கு 40,000. மணிக்கு 200 ரூபாய். அலுவலகத்துக்கு 200 ரூபாய்க்குக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தை, ரோட்டுக்கு 107 ரூபாய்க்குக் கொடுக்கிறார்!

அப்படியானால் தாம்பரம் போகவே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. ஊரில் தாய் தகப்பனுக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்கும், கடனை அடைக்க வேண்டியவருக்கும் அந்த 4,000 ரூபாய் மிகப் பெரிது. கடன் அடையும்வரை சிரமத்தைச் சகித்துக்கொள்வோம் என்று தெரிந்தே போகிறவர் அறிவாளி. கடனும் இல்லாமல், அனுப்புவதும் இல்லாமல், மிச்சப்படுத்திய பணத்தைத் தவணையில் பெரிய டிவி வாங்கச் செலவிடுகிறவர் தம் பிள்ளையின் மாலை நேரத்தை விற்று அதை வாங்குகிறார் என்றே சொல்வோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லாப் பயண நேரமும் ஒன்றல்ல. சென்னைக் கடற்கரையிலிருந்து எழும்பூர், மாம்பலம், கிண்டி, பல்லாவரம் வழியாகத் தாம்பரம் செல்லும் மின்சார ரயில் தடத்தில் வேலை அமைந்தவருக்குத் தாம்பரம் தொலைவன்று. உட்கார இடம் கிடைத்தால் அரை மணி நேரம் ஓதலாம்; படிக்கலாம்; கண்ணயரலாம். ஸ்கூட்டரில் போகிறவருக்கு இவை எதுவும் இல்லை. அதிலும் அவர் மிரண்டு மிரண்டு ஓட்ட வேண்டும். ஆகவே வேலை எந்தத் தடத்தில் இருக்கிறதோ அந்தத் தடத்திலேயே வீடு தேடுங்கள். ஒரே தடத்தில் 20 கிலோ மீட்டர் போவது, இரண்டு இடத்தில் மாறி 10 கிலோ மீட்டர் போவதைவிட இலகுவாக இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை அன்று, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கும் மாலை ஆறரை மணிக்கும் அந்த வழியே ஒரு முறை போய் வாருங்கள்.

மாலை நேரத்தைக் கவனியுங்கள்

ஐந்து வேளைத் தொழுகைகளில் நகரவாசியிடமிருந்து முதலில் நழுவுவது மஃரிபாகும். காரணம், அதன் நேரம் குறுகியது. அதுவே வேலைவிட்டு வீடு திரும்பும் நேரமுமாகும்.

சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் மாலை 5.40 அளவில் மறைகிறது. ஜூலைத் தொடக்கத்தில் 6.40 அளவில் மறைகிறது. மறைந்ததிலிருந்து அந்திச் செம்மை நீங்கும்வரை ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரந்தான் மஃரிபுக்கு உண்டு. ஒருவர் 6 மணிக்குப் புறப்பட்டு ஒரு மணி நேரத்தில் வீடு சேர்வாரானால், நவம்பரில் அலுவலகத்திலேயே தொழுதுவிட்டுப் புறப்பட வேண்டும். ஜூலையில் வீட்டுக்குப் போயே தொழலாம். ஒன்றரை மணிக்கு மேல் ஆகுமானால், செப்டம்பரிலும் மார்ச்சிலும் வழியில் தொழ ஒரு பள்ளி இருந்தே தீர வேண்டும். அந்தப் பள்ளி எது என்பதை வீடு பார்க்கும் நாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

“பயணத்தில்தானே இருக்கிறோம், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாமே” என்று சிலர் கேட்கின்றனர். வேலைக்கும் வீட்டுக்கும் நகருக்குள் போய் வருவது ஷரீஅத் குறிப்பிடும் பயணமாகாது. வேலைக்கென்று சென்னையில் வந்து தங்கிவிட்டவர் அங்கே பயணியும் அல்லர். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தாலே ஊர்வாசி என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். 15 நாட்கள் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். தூரத்து ஊரிலிருந்து இரண்டு நாள் வீடு பார்க்க வருகிறவர் கஸ்ரு செய்யலாம். வீடு பார்த்துக் குடியேறிய பின் அந்தச் சலுகை இல்லை.

பள்ளி, மக்தப், அண்டை வீடு

வீடு பார்க்கப் போகும்போது பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். அது மட்டும் போதாது. சுப்ஹுக்கு அங்கே எத்தனை பேர் வருகிறார்கள், பிள்ளைகளுக்கு மக்தப் உண்டா, எந்த நேரத்தில் என்றும் கேளுங்கள். மாலை 5 மணிக்கு நடக்கும் மக்தபுக்குப் பள்ளிக்கூட வேனில் 5.30க்கு வரும் பிள்ளையை அனுப்ப இயலாது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் உஸ்தாது நேரத்தை மாற்றித் தரவும் கூடும். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அண்டை வீட்டாருடன் முறை வைத்ததுபோல், பிள்ளைகளை அழைத்துப் போக முறை வைத்துக்கொள்ளலாம்.

தனியாக வரும் வாலிபர்கள் திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் மேன்ஷன் அறைகளில் தங்குவது நெடுநாள் வழக்கம். 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளி திருவல்லிக்கேணியில் இருக்கிறது. பள்ளியும் ஹலால் சாப்பாடும் நடந்துபோகும் தூரத்தில் கிடைப்பதால் முதல் ஆறு மாதத்துக்கு இது நல்ல ஏற்பாடு. நகரத்தை அறிந்துகொண்ட பின் குடும்பத்தை அழைத்து வருவது, அறியுமுன் அழைத்து வந்து அலைக்கழிப்பதைவிட மேலானது. ஆனால் அந்த ஆறு மாதம் ஆறு வருடமாக நீண்டுவிடக் கூடாது.

முஸ்லிம்கள் நிறைந்த தெருவில்தான் இருக்க வேண்டுமா? பிள்ளைகளின் மார்க்கக் கல்விக்கு அது துணை செய்யும். ஆயினும் அங்கே வாடகை தாங்க முடியாததாக இருந்தாலும், ஒரே அறையில் ஆறு பேர் நெருக்கியடித்துக் கிடக்க நேர்ந்தாலும், வேறு தெருவுக்குப் போவதில் குறை ஏதும் இல்லை. பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். பெயரைச் சொன்னதும் “வீடு இப்போதுதான் முடிந்துவிட்டது” என்று கதவைச் சாத்துகிறவர்களும் நகரத்தில் உண்டு. அனுபவப்பட்டவர்களுக்கு அந்த வலி தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் வாக்குவாதம் வேண்டாம். “எல்லோரும் இப்படித்தான்” என்ற முடிவுக்கும் வர வேண்டாம். நம்மைப் பிள்ளைபோல் கவனித்துக்கொண்ட பிற சமய வீட்டுக்காரர்களை நாம் கண்டிருக்கிறோம். நமக்கு அடுத்து அந்தத் தெருவில் வீடு கேட்டு வரும் முஸ்லிமுக்குக் கதவு திறப்பதும் மூடுவதும், நாம் அங்கே எப்படிக் குடியிருந்தோம் என்பதைப் பொறுத்தது.

அடுக்குமாடி வீட்டில் இது இன்னும் முக்கியம். ஹஜ்ரத் அபூ அய்யூப் (ரலி) அவர்களின் வீட்டில் நபியவர்கள் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தபோது, மாடியில் ஒரு தண்ணீர்ப் பாத்திரம் உடைந்துவிட்டது. நீர் கீழே ஒழுகி நபியவர்களுக்குத் தொல்லை தரக் கூடாதே என்று அந்தத் தம்பதியர் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அதை ஒற்றி எடுத்தார்கள். நம் வீட்டுக் குளியலறை நீர் கீழ் வீட்டுச் சுவரில் கசிகிறது என்று சொன்னால், “வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள்” என்று பதில் சொல்கிறோமே, அதை எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்று: வீட்டைப் பார்க்க மனைவியை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். கணவர் அந்த வீட்டில் உறங்க மட்டுமே வருகிறார். பகல் முழுவதும் இருப்பவர் அவர். சமையலறையில் காற்று வருமா, துணி காயப்போட இடம் உண்டா, ஒரு அவசரத்துக்கு டாக்டர் அருகில் உண்டா என்பவை அவருக்கே தோன்றும்.

தண்ணீரும் வெள்ளமும்

சென்னையில் வீடு பார்க்கிறவர் மூன்று ஆண்டுகளை நினைவில் வைக்க வேண்டும். 2015 டிசம்பரில் பெருமழையால் அடையாற்றின் இரு கரைகளிலும் முடிச்சூர், வேளச்சேரி முதலிய இடங்களிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2019 கோடையிலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகள் மீண்டும் மூழ்கின.

ஆகவே தரகரிடம் கேட்காமல், தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள்: “2015இல் இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது? 2023இல் எவ்வளவு? கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா? போர் தண்ணீர் உப்பா?” சுவரில் ஈரக்கோடு தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று விசாரியுங்கள். வாடகைக்கு மேல் தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் எவ்வளவு, கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா, அல்லது யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கிறாரா என்பதையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸும் ‘லீஸு’ம்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் இருவரும் வேறு விதமாக ஒத்துக்கொண்டாலன்றி, குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது அச்சட்டம். ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது. கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைக்குமாறு நமது மார்க்கமும் பணிக்கிறது. “தெரிந்தவர்தானே, எழுத்து எதற்கு?” என்று விட்டுவிட்டுப் பின்னர் அட்வான்ஸுக்காக நடையாய் நடப்பவர்கள் எத்தனை பேர்!

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. வாடகை அதிகம் என்று தவிக்கும் வாலிபரிடம் தரகர் சொல்வார்: “ஆறு லட்சம் கொடுத்து லீஸுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாடகையே இல்லை. மூன்று வருடம் கழித்து ஆறு லட்சமும் திரும்பி வந்துவிடும்.” நம் ஊர்களில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்வது இதுவேயாகும்.

இதைச் சிந்தித்துப் பாருங்கள். குறையாமல் திரும்பி வரும் அந்த ஆறு லட்சம் வாடகையன்று, விலையுமன்று. அது வீட்டுக்காரருக்கு நாம் கொடுத்த கடன். கடன் கொடுத்த காரணத்துக்காக மூன்று வருடம் அவர் வீட்டை இலவசமாக அனுபவிக்கிறோம். கடனுக்கு ஈடாக நிபந்தனையுடன் பெறும் ஆதாயம் வட்டியாகும் என்பதே மார்க்கச் சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. வங்கியில் வட்டி வாங்க அஞ்சுகிறவர் வீட்டின் வடிவில் அதை வாங்கிக்கொள்ளலாமா? “பெயருக்கு மாதம் 100 ரூபாய் வாடகை வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்” என்று சிலர் வழி சொல்வார்கள். 15,000 ரூபாய் வாடகை பெறும் வீட்டுக்கு 100 ரூபாய் என்பது வாடகையா, கடனுக்கு இட்ட திரையா என்று உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

உலக நோக்கிலும் இதில் ஆபத்து உண்டு. அந்த வீடு ஏற்கனவே வங்கிக்கு அடமானமாக இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டத் தவறினால், ஆறு லட்சம் கொடுத்தவர் நடுத்தெருவுக்கு வர நேரிடும். நியாயமான வாடகை, அளவான அட்வான்ஸ், எழுத்தில் ஒப்பந்தம் என்ற நேர்வழியே பாதுகாப்பானது. மதீனாவில் பள்ளிக்கான நிலம் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியதாக இருந்தது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தும், நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே அதைப் பெற்றார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

நம் பக்கத்து நேர்மை

வீட்டுக்காரர்களைக் குறை சொல்லும் நாம் நம்மையும் பார்க்க வேண்டும். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேர் தங்குவது, அசைவம் சமைப்பதில்லை என்று பொய் சொல்லி வீடு பிடிப்பது, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுவது, காலி செய்கிறேன் என்று சொன்ன தேதியில் காலி செய்யாமல் இழுத்தடிப்பது — இவை யாவும் வாக்கு மீறலே. கொடுக்காத வாடகைக்கு ரசீது எழுதி வருமான வரியில் கழிவு பெறுவதும் பொய்ச் சாட்சியமே. “எல்லோரும் செய்கிறார்கள்” என்பது அதை ஹலால் ஆக்கிவிடாது. உண்மையைச் சொன்னதால் ஒரு வீடு கைநழுவிப் போகலாம். பொய் சொல்லிப் பெற்ற வீட்டில், அடுப்பில் கறி கொதிக்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ வேண்டியிருக்கும். அதில் என்ன நிம்மதி?

நினைவில் வைக்க

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஒரு தாளில் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. வாடகை, தண்ணீர், கரண்டு, வழிச்செலவு எல்லாம் கூட்டினால் மாதம் எவ்வளவு? கையில் மிஞ்சும் பணத்தில் தாய் தகப்பனின் பங்கு உண்டா?

2. மாதம் எத்தனை மணி நேரம் வழியில் போகும்? அந்த நேரம் யாருடையது?

3. நவம்பரிலும் மார்ச்சிலும் ஜூலையிலும் மஃரிபை எங்கே தொழுவேன்?

4. பிள்ளைகள் எங்கே, எந்த நேரத்தில் ஓதுவார்கள்?

5. 2015இல் இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது?

6. இந்த ஒப்பந்தத்தில் வட்டியோ பொய்யோ கலந்திருக்கிறதா?

எல்லாக் கேள்விகளுக்கும் நல்ல விடை தரும் வீடு கிடைப்பது அரிது. முதல் கேள்வியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். வீடு சிறிதாகலாம், மாடி ஏற வேண்டியிருக்கலாம். கடைசிக் கேள்வியில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இரண்டாவது கேள்வியின் விடை தொலைவு என்று வருமானால், அத்தொலைவை எவ்வளவு காலம் தாங்குவது என்று ஒரு தவணை குறித்துக்கொள்ளுங்கள்.

மதீனாவுக்கு வந்த புதிதில் அவ்வூரின் காய்ச்சல் முஹாஜிர்களை வாட்டியது. ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி), ஹஜ்ரத் பிலால் (ரலி) போன்றோரும் நோயுற்றார்கள். மக்காவின் நினைவு அவர்களை வருத்தியது. மதீனாவை அவர்களுக்குப் பிரியமான ஊராக ஆக்கும்படி நபியவர்கள் துஆ செய்தார்கள். புதிய நகரத்தில் முதல் வருடம் யாருக்கும் கடினமே. தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, தெரு பழகாது, ஊர் நினைவு வரும். பொறுமையுடன் இருந்தால் பள்ளியின் வரிசையில் நமக்கென்று ஓர் இடம் பழகிவிடும். பக்கத்து வீட்டுக் கதவும் திறக்கும்.

வல்ல அல்லாஹ், பிழைப்புக்காக ஊர் துறந்து சென்றிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான உணவையும், நிம்மதி தரும் இல்லத்தையும், நல்ல அண்டை வீட்டாரையும், தொழுகைகளை நேரத்தில் தொழும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.